தேய்ந்த தட்டின் சான்று: பினாங்குத் தமிழரும் இரட்டையர் இசைத்தட்டுகளும்

ஜார்ஜ் டவுனின் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட்டில் காலை வேளைகளில் கூடும் பழம்பொருட் சந்தையில், நாணயங்கள், கைக்கடிகாரங்கள், பீங்கான் தட்டுகள், பித்தளைப் பாத்திரங்கள் ஆகியவற்றுக்கு நடுவே பழைய இசைத்தட்டுகளும் விலைக்கு வருகின்றன. அவற்றுள் மலாய், சீன, ஆங்கில, இந்தித் தட்டுகளோடு கலந்து கிடக்கும் தமிழ்த் தட்டுகளில், இருவர் இணைந்து பாடிய பாடல்களைத் திரட்டித் தரும் எல்.பி. தட்டுகள் தனியொரு வகையாக நிற்கின்றன. எல்.பி. என்பது நிமிடத்திற்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் என்னும் வேகத்தில் சுழலும் பன்னிரண்டு அங்குல வினைல் தட்டாகும். சகோதரிகள், உறவினர், கணவன் மனைவி, திரைப்படப் பின்னணிப் பாடகர் இணை என்று பலவகை இரட்டையர் இத்தகைய தட்டுகளில் இடம்பெற்றுள்ளனர்.

இசை வரலாறு பெரும்பாலும் பாடியவரையும் இயற்றியவரையும் முதன்மைப்படுத்தி எழுதப்படுவதால், தட்டு என்னும் பொருள் எங்கே அச்சாயிற்று, எவ்வழியாகக் கடல் கடந்தது, எந்த வீட்டில் எதற்காகச் சுழன்றது, ஏன் கைமாறியது என்னும் வினாக்கள் ஓரத்தில் நின்றுவிடுகின்றன. பினாங்கைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மையானவை. ஏனெனில் அங்கு வந்த தமிழ்த் தட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை வேறோர் ஊரில் பாடப்பட்டு, இன்னோர் ஊரில் அச்சிடப்பட்டு, பினாங்கில் பயன்பாட்டால் மட்டுமே பினாங்குக்கு உரியவையாயின. அந்தப் பயன்பாட்டின் தடம் தட்டின் மீதே பதிந்திருப்பதும், பழம்பொருட் சந்தை அதனைக் குறையாகக் கருதி ஒதுக்குவதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

கப்பல் வழி வந்த ஒலி

1898இல் லண்டனில் தொடங்கப்பட்ட கிராமபோன் கம்பெனி, தன் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க்கை 1902இல் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. அவர் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்தபின் தூரக் கிழக்கு நாடுகளுக்கும் சென்று, 1903இல் சிங்கப்பூரில் மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார். அக்காலப் பதிவுகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, அங்குத் தட்டாக அச்சிடப்பட்டு, மீண்டும் கப்பலேறி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஓர் அச்சுத் தொழிற்சாலை நிறுவப்பட்டதும், 1928இல் அது அருகிலுள்ள டம்டம்முக்கு மாறி விரிவடைந்ததும் இந்தப் பாதையை வெகுவாகக் குறுக்கின. அதன்பின் வங்காள விரிகுடாவின் இரு கரைகளுக்கும் வேண்டிய தட்டுகள் அவ்விரிகுடாவின் தலைமாட்டிலேயே உருவாயின.

சென்னையில் இவ்வணிகம் முகவர் கடைகளைச் சார்ந்து வளர்ந்தது. பிற்காலத்தில் ஏ.வி.எம். திரைப்பட நிறுவனத்தைத் தோற்றுவித்த ஏ.வி. மெய்யப்பன், 1930களின் தொடக்கத்தில் பங்காளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஜெர்மானிய ஓடியன் நிறுவனத்தின் தட்டுகளை வெளியிட்டு விற்றார். ஒரு பக்கத்தில் மட்டுமே பாட்டு இருந்த காலத்தில், 1904 முதல் இருபக்கத் தட்டுகளைப் பரவலாக விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம் ஓடியன் ஆகும். நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்த மெய்யப்பனின் இந்த வணிகத்துக்கும், அதே சமூகத்தினர் வட்டித் தொழில் நடத்திய பினாங்குக்கும் இடையே ஆளும் சரக்கும் செய்தியும் இடையறாது சென்றுவந்தன என்பதை மனத்திற் கொண்டால், சென்னையில் வெளியான தட்டு பினாங்குத் தெருவை அடைவதற்குத் தனி முயற்சி ஏதும் வேண்டியிருக்கவில்லை என்பது விளங்கும்.

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று சென்ற பயணிகள் கப்பல் வரிசையே அந்தப் போக்குவரத்தின் முதுகெலும்பு. 1926இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இத்தடத்தில் ஓடிய 'ரஜூலா' கப்பலில் கிழக்கு நோக்கி வருவோர் முதலில் கால் வைத்த மலாயா மண் பினாங்கே. மேலும், 1969 வரை பினாங்கு வரியற்ற துறைமுகமாக இருந்ததால், கிராமபோன் பெட்டி, ஊசி, தட்டு முதலிய பொருள்கள் இறக்குமதி வரியின் சுமையின்றிக் கடைக்கு வந்தன. சூலியா தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வணிகர், பினாங்குத் தெருச் செட்டியார், துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்தோர், அக்கரையில் புரோவின்ஸ் வெல்லெஸ்லித் தோட்டங்களில் வாழ்ந்தோர் எனப் பல அடுக்குகளாக அமைந்த தமிழ் மக்கள்தொகை இச்சரக்குக்கு இயல்பான சந்தையாயிற்று.

தட்டு வருமுன்பே பினாங்கில் பாட்டுக்கு ஒரு பயின்ற செவி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் இங்கு ஆடிய நாடகங்களைப் பின்பற்றி, 1885இல் மாமாக் பூஷி என்பவர் பினாங்கில் ஒரு குழுவை அமைத்ததிலிருந்தே பங்சாவான் எனப்படும் மலாய் இசை நாடகம் தோன்றியதாக நாடக வரலாறு கூறுகிறது. அதே பார்சி மரபிலிருந்து ஆர்மோனியத்தையும் காட்சித் திரையையும் எடுத்துக்கொண்ட தமிழ் இசை நாடகமும் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தது. ஆகவே, நாடக மேடையில் இருவர் மாறிமாறிப் பாடும் தர்க்கப் பாட்டு, மொழி வேறுபாட்டைக் கடந்து இத்தீவின் மக்களுக்குப் பழகிய ஒன்றாக இருந்தது. 1934இல் பினாங்கு வானொலிக் கழகம் பல மொழிகளில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, தட்டு வாங்க இயலாதவருக்கும் தட்டிலிருந்த பாட்டு எட்டத் தொடங்கியது.

மூன்று நிமிட எல்லை

1950களின் இறுதி வரை புழக்கத்திலிருந்த தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. அரக்கோடு கற்பொடியும் கரிப்பொடியும் கலந்து வார்க்கப்பட்ட அத்தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு மட்டுமே அடங்கும். எஃகு ஊசி விரைவில் மழுங்கியதால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய ஊசி இடுவது முறையான வழக்கமாக இருந்தது. கச்சேரியில் அரை மணி நேரம் விரியும் கீர்த்தனை, தட்டில் பல்லவியும் அனுபல்லவியும் சுருக்கமான சரணமுமாகக் குறைந்தது. நாடகப் பாட்டோ பெரும்பாலும் தன் இயல்பான அளவிலேயே தட்டுக்குள் அமைந்தது. தொடக்ககாலத் தமிழ்த் தட்டுகளில் நாடக மேடைக் கலைஞர்கள் பேரிடம் பெற்றதற்கு அவர்களது புகழோடு இந்த அளவுப் பொருத்தமும் காரணமாகும்.

அவ்வகையில் முதலில் நினைக்கத்தக்க இணை, எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஆவர். இலங்கையில் நாடக மேடையில் இணைந்து, பின் வாழ்விலும் இணைந்த இவ்விருவரும் கிராமபோன் தட்டுகள் வழியாகக் கடல் கடந்த தமிழர்களிடம் பெயர் பெற்றனர். 1933இல் கிட்டப்பா தம் 27ஆம் வயதில் மறைந்தபின், மேடையில் மீண்டும் கேட்க இயலாத குரலைத் தட்டு தொடர்ந்து அளித்துக்கொண்டிருந்தது. மறைந்தவரின் குரல் விற்பனைக்குரிய சரக்காகத் தொடரும் என்பதை நிறுவனங்கள் இத்தகைய நிகழ்வுகளிலிருந்து அறிந்தன. பழைய பதிவுகளைத் திரட்டி மீண்டும் வெளியிடும் தொகுப்புத் தட்டின் வணிக அடிப்படை அந்த அறிதலில்தான் இருக்கிறது.

பல தட்டுகளை ஒருங்கே விற்கும் வழக்கமும் 78 காலத்திலேயே இருந்தது. ஒரு முழு நாடகத்தைச் சில தட்டுகளில் பகுத்துப் பதிந்து 'நாடக செட்' என்னும் பெயரில் தமிழில் விற்றார்கள். மேலைநாடுகளில் இவ்வாறான தட்டு வரிசைகளை நிழற்படத் தொகுப்பேடு போன்ற கனத்த உறைப் புத்தகத்தில் செருகி விற்றமையால் அதற்கு ஆல்பம் என்னும் பெயர் ஏற்பட்டு, பிற்காலத்தில் ஒற்றை எல்.பி.க்கும் அப்பெயரே நிலைத்தது.

கர்நாடக இசையிலும் இருவர் சேர்ந்து பாடும் மரபு வலுவானது. வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா சகோதரிகளும், ஆலத்தூர் சகோதரர்கள் எனப்பட்ட சீனிவாச ஐயர், சிவசுப்பிரமணிய ஐயர் இருவரும் இதற்குச் சான்று. இவர்களுள் ஆலத்தூர் இணையர் உடன்பிறந்தோர் அல்லர், ஒரே ஆசிரியரிடம் பயின்ற உடன் மாணவரே ஆவர். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மாணவியரான ராதா, ஜெயலட்சுமி ஆகிய இருவரும் உடன்பிறவாத நெருங்கிய உறவினர். குருதியுறவு எதுவாயினும், நீண்ட கூட்டுப் பயிற்சியால் சுருதியும் சொல்லுச்சரிப்பும் மூச்சுவிடும் இடமும் ஒன்றுபட்டிருத்தலே இரட்டையர் என்னும் தகுதியை அளித்தது. இந்த ஒற்றுமையின் முழுப் பயன் மூன்று நிமிடத் தட்டில் வெளிப்படவில்லை. அதற்கு நீண்ட தட்டு வேண்டியிருந்தது.

இருபது நிமிடத்தின் வருகை

1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்.பி., நுண்ணிய வரித்தடங்களாலும் குறைந்த சுழல் வேகத்தாலும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 வேகத்தில் சுழலும் ஏழு அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. அதன் நீட்டிக்கப்பட்ட வடிவமான இ.பி., நான்கு பாடல் அளவில் திரைப்படப் பாடல்களுக்கு ஏற்றதாயிற்று. வினைல் தட்டு எளிதில் உடையாது, எடை குறைவு, ஊசியும் பலமுறை பயன்படும். கடற்பயணப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துவரக்கூடிய இத்தட்டு, அரக்குத் தட்டைவிடப் புலம்பெயர்ந்தோரின் வாழ்க்கைக்கு மிகவும் இணங்கியது.

தமிழ்ச் சமய இசையில் இம்மாற்றத்தின் விளைவைக் கந்தர் சஷ்டி கவசத்தைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை. தேவராய சுவாமிகள் இயற்றிய இக்கவசம், உடலின் ஒவ்வோர் உறுப்பையும் முருகனின் வேல் காக்குமாறு வேண்டும் நீண்ட காப்புப் பாடலாகும். தஞ்சாவூர் மாவட்டத்துச் சூலமங்கலத்தைச் சேர்ந்த ஜெயலட்சுமி, ராஜலட்சுமி சகோதரிகள் பாடி, கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. முத்திரையில் வெளியான பதிவு ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்கிறது. இதனை 78 தட்டில் தருவதானால் ஏழு பக்கங்கள் வேண்டும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாராயணம் அறுந்து, தட்டைத் திருப்பவோ மாற்றவோ எழ வேண்டும். இடையறாது ஓதப்படுவதே கவசத்தின் பயன் என்று கருதும் வழிபாட்டு மரபில் அத்தகைய துண்டாடல் பொருந்தாது. எனவே கவசத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமையில் பாடியவர்களுக்கு அடுத்த பங்கு, ஒரு பக்கத்தின் கொள்ளளவை ஏழு மடங்காக்கிய தொழில்நுட்பத்துக்கு உரியது.

இருவர் பாடியதும் இங்குப் பொருட்படுத்தத்தக்கது. வித்தெழுத்துகளும் அடுக்குச் சொற்களும் விரைந்து தொடரும் இத்தகைய நூலை ஒருவர் தனித்துப் பாடினால் மூச்சு வாங்கும் இடம் செவிக்குத் தெரியும்; ஒரே சுருதியில் இணைந்த இரு குரல்களில் ஒன்று தளரும் இடத்தை மற்றது நிரப்புவதால் ஓட்டம் அறுபடாமல் நிற்கிறது. அலங்காரக் கமகங்களைக் குறைத்து, சொல்லைத் தெளிவாக முன்னிறுத்தும் அவர்களது முறை, கேட்பவர் உடன் ஓதுவதற்கு வழிவிட்டது. பாராயணத்துக்கு ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்ட ஓதுமுறைகள் இருந்த நிலையில், இப்பதிவின் மெட்டே கவசத்தின் மெட்டு என்று கருதும் அளவுக்கு அது பரவியது. சென்னையிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கேட்பவர் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்தி ஓதும் ஒருமைப்பாட்டை எந்த மடமோ கோயிலோ விதிக்கவில்லை. தட்டு அதனை உண்டாக்கியது.

முருகன் பாடல்களின் இந்த அலை திரைப்படத்தையும் தொட்டது. சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்து 1972இல் வெளியான 'தெய்வம்' படத்தில், குன்னக்குடி வைத்தியநாதன் இசையில், சூலமங்கலம் சகோதரிகள், ராதா–ஜெயலட்சுமி ஆகிய இரு பெண் இரட்டையரும், டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள் ஆகியோரும் பாடினர். ஒரு படத்தின் பாடல்களே ஏறத்தாழ ஒரு பக்தித் தொகுப்புத் தட்டாக அமைந்த அரிய நிகழ்வு இது.

தொகுப்பு என்பது நிறுவனத்தின் கையில் உருவாகும் பொருள் என்பதையும் இங்கு விளக்க வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் 78 ஆகவோ இ.பி. ஆகவோ வந்த பதிவுகளின் மூலங்களை நிறுவனம் தன் இருப்பிலிருந்து எடுத்து, ஒரு பாடகர், ஒரு தெய்வம், ஓர் இசையமைப்பாளர் அல்லது ஓர் இணை என்னும் தலைப்பின்கீழ் வரிசைப்படுத்துகிறது. புதிதாக ஒலிப்பதிவுக் கூடத்துக்கோ பக்கவாத்தியத்துக்கோ செலவிட வேண்டியதில்லை. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா போன்ற பின்னணிப் பாடகர் இணைகளின் ஜோடிப் பாடல்கள் இம்முறைக்கு மிக ஏற்றவை. படத்தையும் நடிகரையும் விட்டுப் பிரிந்து, குரல் இணையே விற்பனைப் பெயராயிற்று. பினாங்கின் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதற்கு இணையான இடத்தை நாகூர் இ.எம். அனிபாவின் தனிப்பாடல்களும், அவர் கே. ராணியுடன் இணைந்து பாடிய இஸ்லாமியப் பாடல்களும் பெற்றன. நாகூர் தர்காவின் நினைவாக எழுப்பப்பட்ட தர்கா சூலியா தெருவிலேயே இருப்பதால், அப்பாடல்கள் சுட்டும் ஊர் பினாங்குக் கேட்பவருக்கு வெறும் நினைவாக மட்டும் இருக்கவில்லை.

தைப்பூசமும் தட்டும்

ஒரு தட்டின் பயன்பாடு ஊருக்கேற்ப மாறுபடும். பினாங்கில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலை வரை செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைக்கப்படுகின்றன. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். பந்தல்களில் ஒலிபெருக்கி வழியாக ஒலித்த முருகன் பாடல்களுக்கு ஆதாரமாக இருந்தவை முதலில் தட்டுகளும், பின்னர் ஒலிநாடாக்களும், அதன்பின் குறுந்தட்டுகளுமாகும். காவடி எடுப்போருக்கும் பால்குடம் ஏந்துவோருக்கும் நேரடியாகப் பாடும் குழுக்கள் உடன் சென்றாலும், நின்று பார்க்கும் பெருங்கூட்டத்தின் செவியை நிரப்பியது பதிவுசெய்த குரலே.

இசை கேட்பதற்கான தட்டு ஓய்வு நேரத்தில் சுழலும், வழிபாட்டுக்கான தட்டோ நாள்காட்டிப்படி சுழலும். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, ஐப்பசியில் வரும் கந்த சஷ்டியின் ஆறு நாள், தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று அதன் முறை வகுக்கப்பட்டிருந்தது. கவசத்தை ஒரு நாளில் 36 முறை ஓதுதல் சிறப்பு என்பது வழிபடுவோரின் நம்பிக்கை. தட்டின் வேகத்தில் அவ்வெண்ணிக்கையை நிறைவு செய்ய 12 மணி நேரமாகும். அந்த முழு நோன்பையும் தட்டைக் கொண்டே நடத்தியவர் சிலராகவே இருந்திருக்க முடியும் என்றாலும், வாரத்துக்கு இரண்டுமுறை சுழலும் தட்டு கூட ஓராண்டில் நூறுமுறைக்கு மேல் ஊசியைத் தாங்குகிறது. திரைப்படப் பாடல் தட்டு புதுப்படம் வந்ததும் அலமாரிக்குள் சென்றுவிடும். கவசத் தட்டுக்கு அத்தகைய ஓய்வு கிடையாது.

ஒரே பெட்டிக்குள் அயலார்

சந்தைப் பெட்டியில் தமிழ் இரட்டையரின் தட்டுக்கு அருகில் பெரும்பாலும் இருப்பது பி. ரம்லி, சலோமா இணையரின் மலாய்ப் பாடல் தொகுப்பு ஆகும். 1929இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்ற ரம்லியை, 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்டுச் சிங்கப்பூர் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்துக்கு அழைத்துச் சென்றவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' என்னும் 1950ஆம் ஆண்டு மலாய்ப் படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன். ரம்லியும் பாடகி சலோமாவும் 1961இல் மணம் புரிந்துகொண்டனர். 1973 மே 29இல் ரம்லி மறைந்த பிறகு, அவரது பதிவுகளைத் திரட்டிய தொகுப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. கிட்டப்பா, சுந்தராம்பாள் இணையில் கண்ட அதே வணிக நியதி நாற்பது ஆண்டுகளுக்குப்பின் மலாயிலும் செயற்பட்டது.

இவ்விரு மொழித் தட்டுகளுக்கும் இடையிலான உறவு வணிக நியதியில் மட்டும் அமைந்ததன்று. 78 காலத்தில் எச்.எம்.வி. வெளியிட்ட மலாய்த் தட்டுகளில் பலவும் டம்டம் தொழிற்சாலையில்தான் அச்சாகிக் கப்பலேறின. பினாங்கில் பிறந்தவர் சிங்கப்பூரில் பாடிய மலாய்ப் பாட்டும், தஞ்சைக் குரல் சென்னையில் பாடிய தமிழ்ப் பாட்டும் கல்கத்தா அருகே ஒரே கூரையின்கீழ் வங்காளத் தொழிலாளர் கையால் தட்டாகி, பினாங்குத் துறைமுகத்தில் ஒருங்கே இறங்கின. மொழிவாரியாகப் பிரித்து எழுதப்படும் இசை வரலாறுகளில் மறைந்துபோகும் இந்தப் பொதுப் பிறப்பிடத்தைத் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் அச்சிட்ட ஊர்ப்பெயர் ஐயமின்றி அறிவிக்கிறது.

கைமாற்றமும் தரவரிசையும்

1970களின் பின்பகுதியில் ஒலிநாடா பரவியதும் தட்டின் காலம் முடியத் தொடங்கியது. மலிவானதும், வீட்டிலேயே படியெடுக்கக் கூடியதுமான நாடாவோடு தட்டு போட்டியிட இயலவில்லை. ரஜூலாவுக்குப் பின் அதே தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளானதோடு பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. தட்டை ஒலிக்கச் செய்யும் கருவி பழுதடைந்தால் பழுதுபார்ப்போர் அருகினர். ஊசி கிடைப்பது அரிதாயிற்று. கருவி இழந்த தட்டு வழிபாட்டுப் பயனையும் இழந்து, வீட்டின் மேல்தளத்திலோ படிக்கட்டின் அடியிலோ அடைந்தது.

அங்கிருந்து அது சந்தைக்கு வந்ததற்கு இசையோடு தொடர்பற்ற ஒரு சட்டமும் காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கட்டடங்களில் குறைந்த வாடகையில் பலகாலம் குடியிருந்தோரைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய கட்டடங்கள் மிகுந்த ஜார்ஜ் டவுனின் உட்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடங்களைக் காலி செய்து புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. சிறிய வீட்டில் இடம் இல்லாத பொருள்கள் பழைய சாமான் வாங்குவோரிடம் சென்றன. 2008 சூலையில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டபோது கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது. அவற்றுக்குள் இருந்த வீட்டுப் பொருள்களில் பெரும்பகுதி அதற்குள் கைமாறியிருந்தது.

அதே காலகட்டத்தில் உலகெங்கும் வினைல் தட்டின் மீது புதிய விருப்பம் எழுந்தமையால், ஒதுக்கப்பட்டவை சேகரிப்போரின் சரக்காக மாறின. அமெரிக்காவின் கோல்டுமைன் இதழ் பரப்பிய தரவரிசையை அடியொற்றி, கீறலற்ற தட்டும் கிழியாத உறையும் உயர்ந்த படியிலும், தேய்ந்தவை கீழ்ப்படியிலும் வைக்கப்படுகின்றன. பினாங்கின் ஈரக்காற்றில் வரித்தடங்களில் பூஞ்சை படிவதும், உறையை ராமபாணப் பூச்சி அரிப்பதும் இயல்பாதலால், குறையற்ற பழைய தட்டு இங்கு அரிது. அரிதாதலால் அதன் விலையும் மிகும்.

இத்தரவரிசை வணிகத்துக்கு உகந்தது, ஆயின் வரலாற்றுச் சான்றின் மதிப்பைத் தலைகீழாக்கி விடுகிறது. ஊசி ஒவ்வொரு முறை செல்லும்போதும் வரித்தடத்தின் சுவரைச் சிறிது தேய்க்கிறது. அதனால் ஒரு தட்டின் எந்தப் பக்கம், எந்தப் பகுதி மிகுதியாக ஒலித்தது என்பது தட்டிலேயே பதிவாகிறது. தட்டின் மையத்தை நெருங்கும்போது ஒரு சுற்றின் நீளம் குறைவதால் ஒலித் தெளிவு இயல்பாகவே குறையும் என்பதையும், கனத்த ஊசிமுனை மிகுந்த சேதம் விளைக்கும் என்பதையும் கழித்துப் பார்த்தபின், ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் மின்னும் தொகுப்புத் தட்டு, அதன் உரிமையாளர் தொகுப்பாகவே அதனைக் கருதவில்லை, ஒரே பாடலுக்காக வைத்திருந்தார் என்று சொல்கிறது. எல்லாப் பாடல்களும் சமமாகத் தேய்ந்த ஜோடிப் பாடல் தட்டு, நிறுவனம் அமைத்த வரிசையைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது. உறையில் படிந்த திருநீறும் குங்குமமும் தட்டு பூசையறையில் இருந்ததற்கும், மையால் எழுதிய கடைப்பெயரும் எண்ணும் அது ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோரின் தொழிற்கருவியாக இருந்ததற்கும் சான்றாகலாம். புத்தம் புதிதாக எஞ்சிய தட்டோ, அது வாங்கப்பட்டது என்பதற்கு மேல் எதனையும் தெரிவிப்பதில்லை.

சூலமங்கலம் சகோதரிகளின் குரல் எண்ம வடிவில் காக்கப்பட்டுள்ளது. ராஜலட்சுமி 1992இலும் ஜெயலட்சுமி 2017இலும் மறைந்த பின்னும் கவசம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே பாட்டைக் காப்பதற்காகப் பினாங்கின் பழைய தட்டுகளைத் திரட்ட வேண்டிய தேவை இல்லை. அவற்றைத் திரட்ட வேண்டியது கேட்டவர்களுக்காகவே. மேடையேறாத, நூல் எழுதாத, செய்தித்தாளில் இடம்பெறாத கப்பல்துறைத் தொழிலாளரும் கடைச் சிப்பந்தியும் இல்லத்தரசியும் எதனை, எவ்வளவு, எந்நோக்கில் கேட்டார்கள் என்பதற்கு அவர்களே விட்டுச்சென்ற ஆவணம் அத்தேய்மானம் ஒன்றுதான். அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் இசைத்தட்டுகளைச் சேர்க்கும்போது சந்தையின் தரவரிசையைப் பின்பற்றி நல்ல படியை மட்டும் தேர்ந்தெடுத்தால், எங்கும் கிடைக்கும் பாட்டைப் பெற்று, பினாங்கில் மட்டுமே கிடைக்கும் வரலாற்றை இழந்துவிடும். ஒவ்வொரு தட்டும் எங்கிருந்து வந்தது, எப்பக்கம் எவ்வளவு தேய்ந்தது, உறையில் என்ன எழுதியிருந்தது என்னும் விவரங்களோடு பழுதுபட்ட படிகளையும் பட்டியலில் சேர்ப்பதே அந்த இழப்பைத் தவிர்க்கும் வழியாகும்.